கீழ்த்தளத்தில் ஹூக்கா கஃபே: எதற்குச் சண்டை போடுவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி, ஜூன் 3

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த கடையை ஹூக்கா கஃபே நடத்த வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நாங்கள் அதற்கு நேர் மேலே, முதல் மாடி. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் "பசங்க கெட்டுப்போவாங்க, விடவே கூடாது" என்கிறார்கள். மீதிப் பேர் "புகை தண்ணீர் வழியாகத்தானே வருகிறது, சிகரெட் மாதிரி இல்லை, கண்டுகொள்ளாமல் இருங்கள்" என்கிறார்கள். இப்படி ஒரு கடைக்கு மேலே குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

நான் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழே அப்படி ஒரு கடை திறந்து சில வருடம் ஆகிறது, இன்னும் நடக்கிறது. உங்கள் சங்கத்தில் இரண்டு தரப்புமே பேசாமல் விட்டது ஒன்று இருக்கிறது: கரி.

ஹூக்காவில் புகையிலைக்கு யாரும் நேரடியாகத் தீ வைப்பதில்லை. மேலே ஒரு கிண்ணம், அதில் பாகும் கிளிசரினும் கலந்த புகையிலை. அதன் மேல் ஓட்டை போட்ட அலுமினியத் தாள். தாளின் மேல் கங்கு. கங்கின் சூட்டில் புகையிலை வதங்கித்தான் புகை வருகிறது. ஒரு மேசை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கங்கும் அவ்வளவு நேரம் எரிய வேண்டும். தணிந்தால் ஆள் வந்து புதுக் கங்கு மாற்றிவிட்டுப் போவார். அடுத்த மேசைக்கும் அதற்கடுத்த மேசைக்கும் வேண்டுமே என்று பின்பக்கம் ஓர் அடுப்பில் கரி கனன்றுகொண்டே இருக்கும். உங்கள் தரைக்குக் கீழே மாலையிலிருந்து நள்ளிரவு வரை அணையாத கரியடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரி எரிகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய ஹீமோகுளோபினில் அது 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடாமல் செய்யும்.

அதனால் நாளைக்கே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கரியை எங்கே பற்றவைப்பீர்கள்? அந்தக் காற்று எந்த வழியாக, எங்கே போய் வெளியேறும்? மற்ற விவாதமெல்லாம் இதற்குப் பிறகு.

ஜூன் 4, காலை

தண்ணீர் வடிகட்டிவிடும் என்று சொல்பவர்களுக்கு. தண்ணீர் புகையைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த புகை தொண்டையில் எரியாது, அதனால் ஆழமாக இழுக்க முடிகிறது. புகையிலிருக்கும் நஞ்சில் பெரும்பங்கு தண்ணீரைத் தாண்டி வந்துவிடும். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2005ல் இதைப் பற்றித் தனியாக ஓர் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது, 2015ல் அதைப் புதுப்பித்தது. சிகரெட் பிடிப்பவர் ஒரு சிகரெட்டுக்கு 8 முதல் 12 இழுப்பு இழுப்பார். ஹூக்காவில் ஒரு தடவை உட்கார்ந்தால் 20 முதல் 80 நிமிடம், 50 முதல் 200 இழுப்பு. ஒவ்வோர் இழுப்பும் சிகரெட் இழுப்பைவிடப் பெரியது.

ஜூன் 4, மதியம்

ஒருவர் "ஒரு ஹூக்கா 100 சிகரெட்டுக்குச் சமம்" என்ற படத்தை இங்கே போட்டிருக்கிறார். தயவுசெய்து அதைக் கூட்டத்தில் காட்டாதீர்கள். அந்தக் குறிப்பு சொன்னது உள்ளே இழுக்கும் புகையின் கன அளவைத்தான்: ஒரு மணி நேர ஹூக்காவில் ஒரு சிகரெட்டைப்போல் 100 முதல் 200 மடங்குப் புகை. நிகோடினும் மற்ற நஞ்சுகளும் அதே கணக்கில் ஏறுவதில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் கூடும். விவரம் தெரிந்த கடைக்காரர் இந்த ஒரு வரியை ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார். அப்புறம் நீங்கள் சரியானதைச் சொன்னாலும் அறையில் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். எங்கள் சங்கத்தில் இதுதான் நடந்தது. நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் பேசினார். கடைக்காரர் கைபேசியை எடுத்து அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டினார். அன்றைக்குக் கூட்டம் அதோடு முடிந்தது.

ஜூன் 4, இரவு

"ஹெர்பல்தான் வைப்போம், புகையிலையே இல்லை என்கிறார்." எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். புகையிலை இல்லையென்றால் நிகோடின் இருக்காது. பிடிப்பவருக்கு அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. மேல்மாடியில் இருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கரி அதே கரி, பாகு அதே பாகு.

ஜூன் 6

எங்கள் கதையைக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

கடை திறந்த புதிதில் எல்லாருக்கும் பிரச்சினை வாசனைதான். படிக்கட்டில் ஏறும்போதே ஆப்பிளும் புதினாவும் கலந்த ஒரு தித்திப்பு வாசனை அடிக்கும். காயப்போட்ட துணியில், தலையணை உறையில், குழந்தைகளின் பள்ளிப்பையில்கூட அது ஏறியது. எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர் தகராறு செய்யவில்லை. புகைக்குழாயில் செயலூட்டிய கரி வடிகட்டி ஒன்று பொருத்தினார். வாசனை பெரிதாகக் குறைந்தது. நன்றி சொல்லி மறு கடிதமும் கொடுத்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பவர். அவருடைய சமையலறை கடையின் பின்பக்கத்துக்கு நேர் மேலே. வாசனை போன பிறகுதான் அவருக்கு மாலையானால் தலைவலி என்பது எங்கள் பேச்சில் அடிபட்டது. முதலில் இரத்த அழுத்தம் என்றார்கள், பிறகு கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்றார்கள். ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போய்த் தங்கியபோது ஒரு நாள்கூட வலிக்கவில்லை. திரும்பி வந்த அன்றே ஆரம்பித்தது. அவரே ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ஞாயிற்றுக்கிழமை மதியம் வலிக்குது, திங்கட்கிழமை வலிக்கல. திங்கட்கிழமை கீழே கடை லீவுதானே?"

கார்பன் மோனாக்சைடு அளவை எண்ணாகக் காட்டும் அலாரம் ஒன்றை வாங்கி அவர் சமையலறை மேடையில் வைத்தோம். பகலெல்லாம் பூஜ்யம். கடை திறந்து கூட்டம் ஏற ஏற எண்ணும் ஏறியது. ராத்திரி 20 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு) தாண்டியபோது நாங்கள் மூன்று வீட்டுக்காரர்களும் அந்த மேடையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆப்பிள் வாசனை துளிகூட இல்லை.

செயலூட்டிய கரி வாசனைப் பொருள்களைப் பிடித்து வைக்கும். கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. எங்களுக்கு எச்சரிக்கையாக இருந்தது அந்த வாசனை ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கி நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம். உங்கள் கடைக்காரர் "ஃபில்டர் போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ஜூன் 7

அலாரம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

அலாரம் கத்தவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் யூஎல் 2034 தரப்படி செய்த அலாரம் 70 பிபிஎம் அளவு இருந்தால் ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் கத்தும். 30 பிபிஎம் 30 நாள் தொடர்ந்து இருந்தாலும் கத்தாமல் இருக்கும்படிதான் அந்தத் தரமே எழுதப்பட்டிருக்கிறது. ஆளைச் சாய்க்கும் அளவைத் தடுக்கத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் 8 மணி நேரச் சராசரிக்குச் சொல்லும் வரம்பு கனமீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 9 பிபிஎம். 24 மணி நேரத்துக்கு 4 மில்லிகிராம்தான். எங்கள் அக்கா வீட்டில் பார்த்தது இந்த வரம்புக்கும் அலாரம் கத்தும் அளவுக்கும் நடுவில் விழுந்த அளவு: அலாரம் சும்மா இருக்கும், தலை வலிக்கும். ஆகவே திரையில் சிறிய எண்களையும் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். அதைக் கடை திறப்பதற்கு முன்பே வாங்கிச் சில நாள் எண்களைக் குறித்து வையுங்கள். பின்னால் "உங்கள் கேஸ் அடுப்பிலிருந்து வந்திருக்கும்" என்பார்கள். முந்தைய எண் கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு அங்கேயே முடிவு.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பவே நம்பாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கியது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தலை சுற்றினால் கை அதற்குத்தான் போகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு அப்படித்தான் காட்டியது, பார்த்துவிட்டு மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வார்.

சந்தேகம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள், பிறகு மருத்துவரிடம் போய் "கீழே கரி எரிகிறது" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கார்பாக்சிஹீமோகுளோபின் என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தாமதித்தால் பயனில்லை: சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் அந்த அளவு பாதியாகிவிடும். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று வரும்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை என்றீர்கள். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சுவிடுவார்கள், அதனால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். தலை வலிக்கிறது என்று அவர்களால் சொல்லவும் முடியாது. கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வயிற்றிலிருக்கும் சிசுவின் ஹீமோகுளோபினில் இந்த வாயு இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

ஜூன் 9

"நடுவில் கான்கிரீட் இருக்கிறதே, எப்படி மேலே வரும்?"

கான்கிரீட்டில் ஓட்டை போட்டுத்தானே குழாய் வருகிறது. சமையலறை சிங்குக்கு அடியில் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வடிகால் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில், குழாயைவிடத் துளை பெரிதாக இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டு மறைத்திருப்பார்கள். அக்கா வீட்டில் அந்த வளையத்தைத் தூக்கினால் என் சுண்டுவிரல் சுற்றிலும் தாராளமாகப் போனது. ஊதுபத்தி ஒன்றை ஏற்றிப் பக்கத்தில் பிடித்தோம். சும்மா இருந்தபோது புகை நேராகப் போனது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் துளையிலிருந்து காற்று மேலே வந்து புகையைப் பக்கவாட்டில் தள்ளியது. நன்றாகக் கவனியுங்கள்: கீழ்க்காற்றை மேலே இழுத்தது அக்காவுடைய ஃபேன். சன்னலைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டால் வெளியே போன காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், எந்தச் சந்து கிடைக்கிறதோ அதன் வழியாக வரும். "நாத்தம் வருது, சன்னலைச் சாத்து, ஃபேனைப் போடு" என்று நாம் செய்வது கீழே இருப்பதை இன்னும் இழுக்கத்தான் உதவும்.

நெருப்புத் தடுப்பு சீலண்ட் வைத்துக் குழாய் இறங்கும் துளைகளையெல்லாம் அடைத்தோம். எண் பாதிக்கு மேல் இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை.

பக்கத்துக் கடைக்கும் ஹூக்கா கடைக்கும் நடுவே ஜிப்சம் பலகைத் தடுப்புதான் என்றால் துளையே இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு பலகையின் ஊடாகவே கசியும். 2013ல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 9, இரவு

பலகையில் வண்ணம் பூசியிருந்தாலுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், வண்ணம் பூசிய பலகையிலும் கசிந்தது. கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

ஜூன் 12

இதுவரை மேல்மாடியைப் பற்றியே பேசிவிட்டோம். கடைக்குள் வேலை செய்பவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கடையின் பின்வாசல் என் பால்கனிக்குக் கீழே. அங்கே ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரி பற்றவைப்பான். சிரட்டைக்கரிக் கட்டிகளை மின்சுருள் அடுப்பில் அடுக்கி, ஓரம் சாம்பல் பூக்கும்வரை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டுவான். பிறகு கம்பிக்கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போவான். அவசரம் என்றால் தீக்குச்சி கிழித்ததும் பிடிக்கும் வட்டக்கரி. அதில் பற்றுவதற்காக வெடியுப்பு மாதிரி ஏதாவது கலந்திருக்கும், சரசரவென்று பொறி பறக்கும். அவன் வேலை அதோடு தீரவில்லை. ஒவ்வொரு ஹூக்காவையும் மேசைக்குக் கொண்டுபோகும் முன் புகை நன்றாக வருகிறதா என்று தானே இழுத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வருபவர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். இவன் ராத்திரி முழுக்க அந்தக் காற்றில் நிற்கிறான்.

ஒருநாள் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, சனிக்கிழமைன்னா இப்படித்தான் இருக்கும். பழகிடுச்சு" என்றான். பழகுகிற சமாசாரம் இல்லை இது. அலாரத்தைப் பற்றிச் சொன்னேன். முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்றான். நாங்கள் எங்கள் கடிதத்தில் எங்கள் பெயரிலேயே எழுதினோம்: கரி வைக்கும் இடத்திலும் கூடத்திலும் கார்பன் மோனாக்சைடு அளவி பொருத்த வேண்டும், ஊழியர்கள் வாயால் இழுத்துப் பற்றவைக்கக் கூடாது, அதற்கென்று கைப்பம்பு இருக்கிறது. முழுக் கடிதத்திலும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட வரி அதுதான்.

ஜூன் 13

"பசங்க கெட்டுப்போவாங்க" தரப்பை நான் ஒதுக்குவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஒதுக்கவில்லை. எனக்கும் பதின்வயதில் பையன் இருக்கிறான். பழச்சுவை சேர்த்த தித்திப்புப் புகையிலை 1990களில் பரவிய பிறகுதான் ஹூக்கா உலகமெங்கும் இளைஞர்களிடம் போனது. அதற்கு முன்பு பல நாடுகளில் அது வயதானவர்கள் பிடிப்பதாகத்தான் இருந்தது. இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்தால் முதல் இழுப்பில் இருமல் வராது, பயமும் வராது. நிகோடின் மட்டும் வந்துவிடும். இதை நான் ஏற்கிறேன்.

ஆனால் கூட்டத்தில் இதை முதலில் வைத்தால் பேச்சு எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறேன். கடைக்கு வரும் பெண்களைப் பற்றி ஒருவர் ஏதோ சொன்னார், கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் எழுந்து பதில் சொன்னாள், பிறகு ஒரு மணி நேரம் அதே சண்டை. புகைக்குழாய் என்ற சொல்லே அன்று வரவில்லை. வயதுச் சான்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனையாக இதை எழுதிக் கேளுங்கள். அதை மீறினால் புகார் கொடுக்க முடியும். கெட்டுப்போவது என்பதற்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்?

ஜூன் 13, இரவு

"இது மொகலாயர் காலத்துப் பாரம்பரியம்" என்றவருக்கு. அக்பர் அரசவைக்கு முதன்முதலில் புகையிலையைப் பீஜப்பூரிலிருந்து கொண்டுவந்தவர் அக்பர் அங்கே தூதராக அனுப்பிய அசத் பேக். 1600களின் தொடக்கம். பேரரசர் இழுத்துப் பார்க்க, அரசவை மருத்துவர் அங்கேயே எதிர்த்தார். நமக்குத் தெரியாத பொருள், நம் நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது அவர் வாதம். 1617ல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடையே போட்டார். எதிர்ப்புக்கும் அதே வயது பாரம்பரியம் இருக்கிறது. அதோடு, அந்த மண்டபங்களுக்கு மேலே வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கவில்லை.

ஜூன் 15

சட்டம் பற்றி. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் சிலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். பல இடங்களில் ஹூக்கா கடை நடத்துவதே குற்றம். குஜராத் 2017ல் தடை செய்தது, மகாராஷ்டிரம் 2018ல். தமிழ்நாட்டில் 2022ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் 2023ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்தது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2024 பிப்ரவரியில். சிங்கப்பூர் 2014 நவம்பரில் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்தி, ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு 2016 ஜூலை வரை அவகாசம் கொடுத்தது. உங்கள் இடத்தில் தடை இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு நேரே புகார் கொடுங்கள்.

தடை இல்லாத இடத்தில், உள்ளே புகைக்கக் கூடாது என்ற விதி மட்டும் இருந்தால், அதில் மேல்வீட்டுக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் மூடிய பணியிடங்களில் புகைக்கத் தடை, ஹூக்காவும் அதில் சேரும். கூரை இருந்து, சுவர்ப் பரப்பில் பாதிக்கும் குறைவாகத் திறப்பு இருந்தால் அது மூடிய இடம். அதனால் கடைகள் பக்கச் சுவர்களைத் திறந்துவிட்டுக் கூரை மட்டும் போட்டு உட்கார வைக்கின்றன. வேலை செய்பவர்களுக்கு அது நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அந்தத் திறப்பு யார் சன்னலைப் பார்த்து இருக்கிறது என்று விதி கேட்பதில்லை. திறந்த கூடம் வருகிறது என்றால் எந்தப் பக்கம் திறக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஜூன் 18

சத்தம். இதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அதிகாரி டெசிபெல் கருவியோடு வந்தால் பெரும்பாலும் ஏ அளவுகோலில் அளப்பார். நம் காது எந்த ஒலியை எவ்வளவு கேட்குமோ அதற்கேற்ப அது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும். சுவர் வழியாக ஏறிக் கட்டிலை அதிர வைப்பது அந்தத் தாழ்ந்த ஒலிதான். எண் சின்னதாக வரும், நீங்கள் தூங்க முடியாமல் கிடப்பீர்கள். சி அளவுகோலிலும் அளக்கச் சொல்லுங்கள், கருவியில் ஒரு பொத்தான்தான். படுக்கையறையில் இரவில் சராசரி 30 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொன்னது. எங்கள் கடையில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கழற்றி ரப்பர் அடிவைத்துத் தரையில் நிறுத்தியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 20

தீ. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடிக் கேளிக்கை விடுதிகளில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். ஹூக்காவுக்கு வைத்திருந்த கரியின் பொறி பறந்து திரைத்துணியில் பிடித்ததுதான் தொடக்கம் என்று தீயணைப்புத் துறையின் விசாரணையில் சொன்னார்கள். மகாராஷ்டிரத் தடைக்குப் பின்னணி அதுதான்.

தீ என்றால் அடுப்பை மட்டும் பார்க்காதீர்கள், சாம்பலையும் பாருங்கள். மேலே வெளுத்து அணைந்த மாதிரி இருக்கும் கங்கு உள்ளே நெடுநேரம் உயிரோடு இருக்கும். கடை மூடும் அவசரத்தில் அதை அட்டைப்பெட்டி, டிஷ்யூ குப்பையோடு சேர்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். மூடியுள்ள உலோகத் தொட்டி வேண்டும், சுவரிலிருந்து தள்ளி வேண்டும், மறுநாள்தான் கொட்ட வேண்டும். எங்கள் கடையின் பின்வாசலில் அந்தத் தொட்டி இன்றும் எங்கள் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. இதில் மட்டும் நாங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை. விடவும் போவதில்லை.

ஜூன் 21

நேற்று ராத்திரி முழுவதையும் திரும்பப் படித்தேன். "இவ்வளவு ஆபத்து என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே, நிபந்தனை எதற்கு?" என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. என் மனம் அதில் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் எதிர்ப்புக் கடிதம்தான் முதலில் கொடுத்தோம். உரிமம் சட்டப்படி கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன எதற்கும் மதிப்பில்லை என்ற நிலை வந்தது. அளவியின் எண்ணைக் காட்டிப் பேச ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. கரியடுப்பைக் கட்டடத்துக்கு வெளியே மாற்றினார், தனிக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோனார், உள்ளே புதுக்காற்று வர வழி வைத்தார். இப்போது அக்கா வீட்டுத் திரையில் பெரும்பாலும் பூஜ்யம். தலைவலி நின்றுவிட்டது. அந்த மாற்றங்களுக்கு ஆன செலவைப் பற்றிக் கடைக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் முணுமுணுப்பார், ஆனால் அவரே தன் ஊழியர்களுக்கும் தலைவலி குறைந்ததாகச் சொன்னார்.

அதே சமயம், அந்த மாற்றம் வருவதற்கு முன்பு எத்தனை மாலை அக்கா அந்தக் காற்றில் சமைத்தார் என்று நினைத்தால் கோபம் வருகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு "திறக்கட்டும், அளந்து பார்த்துப் பேசலாம்" என்று நான் சொல்லமாட்டேன். கரியடுப்பு குடியிருப்புக்கு நேர் கீழே, கட்டடத்துக்கு உள்ளேயே வருகிறது என்றால் திறக்கவே விடக் கூடாது என்று எழுதுங்கள். அடுப்பு வெளியே, குழாய் கூரைக்கு மேலே என்றால் மற்ற நிபந்தனைகளைப் பேசலாம். என் கோடு அங்கே விழுகிறது.

ஜூன் 22

மின்சாரத்தில் சூடேற்றும் ஹூக்கா பற்றிக் கேட்டவருக்கு: கங்குக்குப் பதிலாக மின்தகடு. கார்பன் மோனாக்சைடு மிகவும் குறையும், ஏனென்றால் அதில் பெரும்பங்கு கரியிலிருந்து வருவதுதான். பிடிப்பவருக்கு மற்ற நஞ்சு இருக்கத்தான் செய்யும். மேல்வீட்டுக்காரராக நான் அதைச் சந்தோஷமாக ஏற்பேன். வாடிக்கையாளர்கள் ருசி இல்லை என்கிறார்கள் என்று எங்கள் கடைக்காரர் ஒரே வாரத்தில் கைவிட்டார்.

ஜூன் 24

உங்கள் கீழ்த்தளக் கடைக்கு என்று நீங்கள் இங்கே போட்ட கட்டட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று விஷயம் கண்ணில் பட்டது.

"பேன்ட்ரி" என்று குறித்திருக்கும் சிறிய அறைதான் கரி வைக்கும் இடம். கேட்டால் வெறும் தயாரிப்பு அறை என்பார்கள். அதற்குள் 'ஹீட்டர் பாயின்ட்' என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அது மின்சுருள் அடுப்புக்கு. எழுத்தில் பதில் வாங்குங்கள்.

புகைக்குழாய் பின்சுவரில் முதல் மாடி மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்கு நேர் மேலே இருக்கும் சன்னல் உங்கள் படுக்கையறையுடையது என்றால், சூடான காற்று நேராக அதற்குள்தான் ஏறும்.

புதுக்காற்று உள்ளே வர வழியே காட்டவில்லை. வெளியே தள்ள மட்டும் ஃபேன் இருந்து உள்ளே வர வழி இல்லையென்றால் ஃபேன் ஓடும், காற்று சரியாக நகராது.

ஆட்சேபணைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். கடிதத்தில் இந்த மூன்றையும் மட்டும் எழுதுங்கள், வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு இணையுங்கள். சங்கத்தில் மற்றவர்கள் தனியாக எழுதுவதென்றால் எழுதட்டும், அதை இதோடு சேர்க்க வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் கேளுங்கள். அலாரத்தை இன்றைக்கே வாங்கித் தொட்டில் இருக்கும் அறையில் வைத்துவிடுங்கள்.